எஸ்பிஎம்முக்குப் பின் மருத்துவத் துறை: எந்த வழியில் பிள்ளையை அனுப்புவது?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடிவு வெளியான வாரத்தில் பெற்றோர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "நர்ஸுக்கு விடலாமா, எம்ஏவுக்கு விடலாமா, இல்ல பாரம் சிக்ஸ் படிக்க வச்சு டிகிரிக்கு அனுப்பலாமா?" (எம்ஏ என்றால் மருத்துவ உதவியாளர்; பாரம் சிக்ஸ் என்றால் எஸ்டிபிஎம் தேர்வுக்கான ஆறாம் படிவம்.) இதற்கு விடை தேடும்போது கல்லூரிக் கட்டடத்தையும், முதல் மாதச் சம்பளத்தையும், பக்கத்து வீட்டுப் பிள்ளை எங்கே சேர்ந்தது என்பதையும் ஒப்பிடுகிறோம். படித்து முடித்த பிள்ளையின் பெயர் எந்தச் சட்டத்தின்கீழ், எந்த வாரியத்தின் பதிவேட்டில் ஏறப்போகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. மருத்துவத் துறையில் சான்றிதழ் மட்டும் கையில் இருந்தால் வார்டுக்குள் கால் வைக்க முடியாது. பதிவு வேண்டும், அந்தப் பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். ஆகவே இந்தக் கட்டுரையில் ஒவ்வொரு வழியையும் பதிவை வைத்தே ஒப்பிடுகிறேன். அந்தப் பதிவு எதுவரை ஏற விடுகிறது, பிள்ளை படித்துக்கொண்டிருக்கும்போதோ வேலையில் இருக்கும்போதோ விதி மாறினால் அது எந்த அளவுக்குத் தாங்கும் என்பவையே என் அளவுகோல்கள்.

விதி மாறுவது புதிதல்ல. ரப்பர் காலத்தில் தோட்டத்து மருத்துவம் என்றால் டிரெசர் என்ற மருந்தக உதவியாளர்தான். காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் வேளையில், காய்ச்சல் என்று ஒதுங்கி நின்றவரின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, அன்றைக்கு ஓய்வா அல்லது ஒரு மடக்கு மிக்சரைக் குடித்துவிட்டுப் பால்மரம் சீவப் போக வேண்டுமா என்று முடிவு செய்யும் அதிகாரம் அவரிடம் இருந்தது. அவர்களில் பலர் தோட்ட மருத்துவமனைகளில் கூடவே நின்று தொழில் கற்றவர்கள். 1965இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. 1977இல் மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. பிறகு தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, பல துண்டாடப்பட்டன, மக்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தனர், தோட்ட மருந்தகங்களும் ஒவ்வொன்றாக மூடின. அன்றைக்கு டிரெசர் செய்த வேலையை இன்றைக்குச் சுகாதார கிளினிக்கில் மூன்றாண்டு டிப்ளோமா முடித்துப் பதிவு பெற்ற ஒருவர் செய்கிறார். கூடவே நின்று தொழில் கற்று அந்த நாற்காலியில் உட்கார இனி வழியில்லை.

தாதியர் தொழிலும் இதே திசையில்தான் நகர்ந்திருக்கிறது. 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின்கீழ் மலேசியத் தாதியர் வாரியம் பதிவை நடத்துகிறது. முன்பு மருத்துவமனையோடு இணைந்த பள்ளிகளில் சான்றிதழ்ப் பயிற்சியாக இருந்தது 1990களில் டிப்ளோமா ஆனது. இரத்தப் பரிசோதனைக்கூடம், எக்ஸ்ரே, பிசியோதெரபி போன்ற துணைத் தொழில்களுக்கு நீண்ட காலம் தனிப் பதிவுச் சட்டமே இல்லை. 2016இல் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் நிறைவேறி, 2020 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வெளிநாடுகளில் இந்த மாற்றம் இன்னும் வேகமாக நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் 2013 முதல் தாதியர் தொழிலில் புதிதாக நுழைய டிகிரி வேண்டும். பிலிப்பைன்ஸிலும் தாய்லாந்திலும் பதிவு பெற்ற தாதியராக டிகிரிதான் வாசல்.

இன்னொரு வகை மாற்றமும் உண்டு. அது ஒரே திசையில் போகாமல் ஏறியிறங்கும். எஸ்பிஎம்மில் மூன்று கிரெடிட் (சி அல்லது அதற்கு மேற்பட்ட தரம்) இருந்தால் தனியார் கல்லூரியில் தாதியர் டிப்ளோமாவில் சேரலாம் என்றிருந்த காலத்தில் கல்லூரிகள் பெருகின, படித்து முடித்தவர்கள் வேலையில்லாமல் நின்றார்கள். 2010இல் அந்தத் தகுதி ஐந்து கிரெடிட்டாக உயர்த்தப்பட்டது. சில ஆண்டுகள் கழித்துத் தாதியர் பற்றாக்குறை வந்தது. இருந்த தாதியரும் சிங்கப்பூருக்கும் சவுதி அரேபியாவுக்கும் கிளம்பினார்கள். தகுதியைத் தளர்த்துங்கள் என்று தனியார் மருத்துவமனைகள் கேட்கத் தொடங்கின. கிரெடிட் எண்ணிக்கை, ஆண்டுக்கு எத்தனை பேரை எடுப்பார்கள், நிரந்தர வேலையா ஒப்பந்த வேலையா என்பவையெல்லாம் இந்த இரண்டாம் வகை. பதிவுச் சட்டமும் டிகிரியை நோக்கிய நகர்வும் முதல் வகை. இரண்டாம் வகையை நம்பி முடிவெடுத்தால், பிள்ளை படித்து முடிக்கும் மூன்றாம் ஆண்டில் நிலவரம் தலைகீழாகியிருக்கக்கூடும். முதல் வகை அப்படி ஏமாற்றுவதில்லை. அது மெதுவாக நகர்ந்தாலும் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது தெரியும்.

அரசாங்கப் பயிற்சி: தாதியா, எம்ஏவா?

நம் வட்டாரத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இதுதான் முதலில் பார்க்க வேண்டிய வழி. அதனால் இதையே அதிகம் பேசுகிறேன். சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்கள் நாடெங்கும் இருக்கின்றன. பக்கத்திலேயே தஞ்சோங் ரம்புத்தானில் சுல்தான் அஸ்லான் ஷா பெயரில் ஒன்று இருக்கிறது. விண்ணப்பம் கல்லூரிக்குப் போவதில்லை. பொதுச் சேவை ஆணையமான எஸ்பிஏ வழியாகத்தான் போகிறது. பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகப் பிள்ளைக்குத் தஞ்சோங் ரம்புத்தானே கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. எந்த மாநிலத்துக்கும் அனுப்பலாம், படித்தபின் சபா, சரவாக்குக்கும் மாற்றலாம், படிப்புக்கு ஈடாக அரசாங்கத்தில் வேலை செய்யும் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட வேண்டும். பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டேன் என்று இருக்கும் பெற்றோர் இந்தப் பேச்சை விண்ணப்பத்துக்கு முன்பே வீட்டில் முடித்துவிடுவது நல்லது. எஸ்பிஏ கடிதம் வந்தபின் மறுத்தால் ஓர் ஆண்டு வீணாகிறது.

தகுதியைப் பற்றி ஒரு லோரி ஓட்டுநர் என்னிடம் கேட்டார்: "சார், பிள்ளைக்கு அஞ்சு சி இருக்கு, போதுமா?" சி என்பது கிரெடிட்தான், ஆகவே எண்ணிக்கையில் போதும். "எந்த அஞ்சு பாடம்யா?" என்று கேட்டபோதுதான் சிக்கல் தெரிந்தது. கணிதத்தில் டி. மலாய்மொழி, கணிதம், ஓர் அறிவியல் பாடம், இவை மூன்றிலும் கிரெடிட் கட்டாயம்; மற்ற இரண்டு வேறு பாடங்களாக இருக்கலாம்; ஆங்கிலத்தில் தேர்ச்சி வேண்டும். தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் எடுத்த பிள்ளைகளுக்கு அந்த 'மற்ற இரண்டு' எளிதாக நிரம்பிவிடுகிறது. தமிழ் எடுத்தால் என்ன பயன் என்று படிவம் நான்கில் விட்டுவிடும் பிள்ளைகளிடம் இதைச் சொல்ல வேண்டும். கணிதத்தில் டி வாங்கிய பிள்ளைக்கு அது உதவாது. அந்தப் பிள்ளை தனியார் தேர்வராகக் கணிதத்தை மீண்டும் எழுதுவதுதான் வழி. கிரெடிட் கேட்காத ஏதோ ஒரு படிப்பைத் தேடிப் போவதைவிட அந்த ஓர் ஆண்டு மலிவானது.

தாதியர் டிப்ளோமா மூன்றாண்டு. வகுப்பறைக்கு ஈடாக வார்டிலும் நேரம் போகும். ஒவ்வொரு பயிற்சியாளரிடமும் ஒரு பதிவுப் புத்தகம் இருக்கும். காயத்துக்குக் கட்டுப் போட்டது, சிறுநீர்க் குழாய் செருகியது, பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டியது என ஒவ்வொரு செயலும் இத்தனை தடவை என்று அதில் வரிசையாக இருக்கும். எதிரே சிஸ்டரின் கையெழுத்தும் தேதியும். அந்தக் கட்டங்கள் நிரம்பாமல் இறுதித் தேர்வுக்கு உட்கார முடியாது. அதன்பின் தாதியர் வாரியத்தின் தேர்வு, பதிவு, ஆண்டுதோறும் தொழில் புரியும் சான்றிதழ். அந்தச் சான்றிதழைப் புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். முப்பது ஆண்டு வேலை செய்த மூத்த தாதியும் கருத்தரங்குக்குப் போய்ப் புள்ளி சேர்ப்பது இதனால்தான். இந்த வேலைக்கு வந்தால் படிப்பு ஒருநாளும் முடிவதில்லை என்பதைப் பிள்ளை தெரிந்துகொண்டு வருவது நல்லது.

எம்ஏ என்று ஊரில் சொல்லும் மருத்துவ உதவியாளருக்கு இப்போதைய அரசாங்கப் பதவிப் பெயர் உதவி மருத்துவ அதிகாரி. அதுவும் மூன்றாண்டு டிப்ளோமா. தகுதியும் ஏறத்தாழ அதே. வேலையின் தன்மைதான் வேறு. கிளினிக்கில் இருமலோடு வந்தவரை முதலில் பார்ப்பதும், அவசரப் பிரிவில் தையல் போடுவதும், ஒடிந்த கைக்கு மாவுக்கட்டு வைப்பதும், ஆம்புலன்ஸில் ஏறிச் சாலை விபத்துக்குப் போவதும் இவர்தான். மருத்துவரின் மேற்பார்வையில்தான் என்றாலும் சொந்தமாக முடிவெடுக்கும் இடங்கள் அதிகம். டிரெசரின் வாரிசு என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் இவரைத்தான் சொல்ல வேண்டும். முன்பு ஆண்களையே எடுத்தார்கள். இப்போது பெண்களும் சேர்கிறார்கள். பெண்பிள்ளைகளின் பெற்றோர் இந்த வழியைப் பற்றிக் கேட்பதே இல்லை என்பது என் குறை. அதேபோல் ஆண்பிள்ளை நர்ஸ் வேலைக்கா என்று முகம் சுளிப்பதும் நம்மிடம் இன்னும் போகவில்லை.

இரண்டையும் பதிவின் அளவுகோலில் வைத்தால் வேறுபாடு தெளிவாகிறது. தாதியின் பதிவை உலகம் அறியும். வாரியத்தில் பதிவும் வார்டு அனுபவமும் உள்ள மலேசியத் தாதி சிங்கப்பூர்த் தாதியர் வாரியத்திடம் விண்ணப்பிக்கலாம். இங்கிலாந்தின் கணினித் தேர்வையும் செய்முறைத் தேர்வையும் ஆங்கிலத் தேர்வையும் எழுதலாம். எம்ஏ பதிவுக்கு வெளியே அப்படி நேரான இணை கிடையாது. சிங்கப்பூரில் இந்தப் பெயரில் ஒரு பதிவேடே இல்லை. உள்நாட்டிலும் தனியார் துறையில் எம்ஏக்கு இருக்கும் இடம் குறைவு: அவசரப் பிரிவு, ஆம்புலன்ஸ் சேவை, தொழிற்சாலை மருந்தகம், கடலில் எண்ணெய்த் தளம், எஞ்சியிருக்கும் தோட்ட மருந்தகங்கள். அரசாங்கத்திலேயே வேலை செய்து, பேராக்கில் எங்காவது வீடு கட்டி, சொந்தக் கையால் நோயாளியைப் பார்க்கும் வேலை வேண்டும் என்கிற பிள்ளைக்கு எம்ஏ நல்ல பொருத்தம். ஐந்தாறு ஆண்டுக்குப் பின் வெளிநாடு போகும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும் தாதியர் டிப்ளோமாவையே சொல்வேன்.

தாதியர் வழியில் ஏணியும் நீளம். டிப்ளோமாவுக்குப் பின் பேறுகாலம், தீவிர சிகிச்சை, சிறுநீரகச் சுத்திகரிப்பு என்று சிறப்புப் பயிற்சிகள் இருக்கின்றன. சிறப்புப் பயிற்சி பெற்ற தாதிக்குத் தனியார் மருத்துவமனையிலும் வெளிநாட்டிலும் தனி மதிப்பு. வேலையில் இருந்துகொண்டே ஓபன் யூனிவர்சிட்டி மலேசியா போன்ற இடங்களில் டிகிரியும் முடிக்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை. டிப்ளோமா தாதியின் பழைய அரசாங்கச் சம்பள நிலை யூ29. 2024 டிசம்பர் 1 முதல் வந்த புதிய ஊதிய முறையில் அது யூ5. டிகிரித் தாதியின் பழைய நிலை யூ41, இப்போது யூ9. யூ5இல் இருப்பவர் டிகிரி வாங்கிவிட்டதால் தானாக யூ9க்கு ஏறிவிடுவதில்லை. காலியிடம் வர வேண்டும், விண்ணப்பித்துத் தேர்வாக வேண்டும். சொந்தக் காசில் டிகிரி முடித்துவிட்டு அதே வார்டில் அதே நிலையில் வேலை செய்யும் தாதியர்கள் இருக்கிறார்கள். டிகிரி அவர்களுக்கு உள்ளூர்ச் சம்பளத்தில் உடனே பலன் தராமல் போகலாம்; வெளிநாட்டுக்கும், விரிவுரையாளர் வேலைக்கும், விதி நாளை மாறும்போது பின்தங்காமல் இருப்பதற்கும் பலன் தரும்.

தனியார் டிப்ளோமா

பதிவு என்று பார்த்தால் தனியார் கல்லூரியில் படித்த தாதிக்கும் அரசாங்கத்தில் படித்த தாதிக்கும் வேறுபாடில்லை. அதே வாரியத் தேர்வு, அதே பதிவேடு. வேறுபாடு கடனில் இருக்கிறது. அரசாங்கப் பயிற்சியின் செலவோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குத் தனியார் கட்டணம் பல பத்தாயிரம் வெள்ளியில் வருகிறது. பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடன் கிடைக்கும் என்று கல்லூரி விற்பனையாளர் சொல்லும்போது அது இனாமாகக் கிடைப்பதுபோலவே காதில் விழுகிறது. டிப்ளோமாத் தாதியின் தொடக்கச் சம்பளத்தில் அதைத் திருப்பிக் கட்டும் ஆண்டுகளைக் காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சில தனியார் மருத்துவமனைக் குழுமங்கள் கட்டணத்தை ஏற்றுக்கொண்டு, படித்தபின் தங்களிடமே சில ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும் என்று கட்டுப்பாடு போடுகின்றன. கடனைவிட அது மேல் என்பது என் எண்ணம். ஒப்பந்தத்தை உடைத்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற வரியை மட்டும் பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து படிக்க வேண்டும்.

கல்லூரியைச் சோதிக்க இரண்டு பதிவேடுகள் போதும். ஒன்று மலேசியத் தகுதிகள் நிறுவனமான எம்கியூஏவின் பதிவேடு. அதில் அந்தப் படிப்பு முழு அங்கீகாரம் பெற்றிருக்கிறதா, தற்காலிக ஒப்புதலில் மட்டும் ஓடுகிறதா என்று இணையத்திலேயே பார்க்கலாம். மற்றொன்று தாதியர் வாரியத்தின் அனுமதி. இரண்டையும் தாண்டி நேரில் கேட்க வேண்டியது, பிள்ளைகள் வார்டுப் பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்குப் போகிறார்கள் என்பது. சொந்த மருத்துவமனை இல்லாத கல்லூரி அரசாங்க மருத்துவமனையில் இடம் வாங்கித்தான் ஆக வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் மேலே சொன்ன பதிவுப் புத்தகத்தின் கட்டங்கள் நிரம்புவதில்லை, படிப்பும் நீளுகிறது.

என் அறிவுக்கு எட்டியவரை நம் ஊரில் அதிகம் ஏமாந்தது இன்னொரு இடத்தில். 'நர்சிங்' என்ற சொல் விளம்பரத்தில் பெரிதாக இருக்கும், ஆனால் படிப்பு தாதியர் டிப்ளோமாவாக இருக்காது. பராமரிப்பு உதவியாளருக்கான ஒரு சான்றிதழ்ப் படிப்பாக இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மகளை அப்படியொரு படிப்பில் சேர்த்து, முடித்த பிறகுதான் வாரியத் தேர்வுக்கு அவளால் உட்காரவே முடியாது என்று அறிந்தது. கல்லூரி பொய் சொல்லவில்லை என்று வாதாடலாம்; தாளின் அடியில் சிறிய எழுத்தில் சரியான பெயர் இருந்தது. பணம் கட்டும் முன்பு, "இதை முடித்தால் தாதியர் வாரியத்தில் பதிவுபெற்ற தாதியாக முடியுமா?" என்று கேட்டு, விடையை எழுத்தில் வாங்கினால் இந்தக் குழப்பம் வராது. எழுதித் தரத் தயங்கினால் அதுவும் ஒரு விடைதான்.

ஆக, தனியார் வழியை நான் முதல் தேர்வாகச் சொல்வதில்லை. எஸ்பிஏவில் ஒரு முறை கிடைக்காததாலேயே கடன் வாங்கி ஓடவும் தேவையில்லை. அடுத்த எடுப்புக்குக் காத்திருந்து, இடையில் கணிதமோ ஆங்கிலமோ மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்வது பல பிள்ளைகளுக்கு அதிக லாபம். இரண்டு முறை முயன்றும் கிடைக்காமல், நல்ல மருத்துவமனை ஆதரவோடு இடம் வந்தால் அப்போது தனியார் வழி சரி.

நேராக டிகிரி

எஸ்பிஎம்மில் நன்றாகச் செய்த பிள்ளைக்கு எஸ்டிபிஎம் அல்லது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பு வழியாகத் தாதியர் டிகிரி, பிசியோதெரபி டிகிரி, மருந்தியல் டிகிரி எல்லாம் திறந்திருக்கின்றன. மலாயாப் பல்கலைக்கழகம், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், கிளந்தானில் குபாங் கெரியானில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் சுகாதார வளாகம் ஆகியவற்றில் தாதியர் டிகிரி நடக்கிறது. நான்காண்டு, அதற்கு முன் எஸ்டிபிஎம் மூன்று பருவங்கள், முயெட் ஆங்கிலத் தேர்வு. டிப்ளோமாப் பிள்ளை சம்பளம் வாங்கத் தொடங்கும் நாளில் இந்தப் பிள்ளை இன்னும் பல்கலைக்கழகத்தின் நடுவில் இருக்கும். ஒரே சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு அந்தச் சில ஆண்டுகள் சாதாரணமானவை அல்ல. அதை மறைத்துவிட்டு 'டிகிரிதான் மேல்' என்று பேசுவது நியாயமில்லை.

இருந்தாலும் விதிகள் போகும் திசையை வைத்துப் பார்த்தால் இதுவே நீண்ட காலத்துக்கு வலுவான பதிவு. வெளிநாட்டுக்குப் போகும்போது டிகிரியா டிப்ளோமாவா என்ற கேள்வியே எழாது. வேலையும் யூ9இல் தொடங்கலாம். குறை என்னவென்றால் அந்த நிலையில் இடங்கள் குறைவு. டிகிரி முடித்தவரும் முதலில் வார்டில் அதே படுக்கையோர வேலையைத்தான் செய்வார். மேசை வேலை என்று எண்ணிப் போகும் பிள்ளை ஏமாறும். வீட்டில் மற்றொருவர் சம்பாதிக்கிறார், பிள்ளைக்கு அறிவியல் பாடத்தில் உண்மையான பிடிப்பு இருக்கிறது, இவ்விரண்டும் சேர்ந்தால் நான் ஆறாம் படிவத்தையே சொல்வேன். எஸ்டிபிஎம் படிப்புக்குக் கட்டணச் சுமை இல்லை என்பதும், வீட்டிலிருந்தே பள்ளிக்குப் போய்வரலாம் என்பதும் நம் வீடுகளுக்குப் பெரிய ஆறுதல்.

டாக்டர் கனவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அது தனிக் கட்டுரைக்கு உரியது. 2008இலிருந்து பயிற்சி மருத்துவக் காலம் இரண்டாண்டு. 2016 இறுதியிலிருந்து புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில் எடுக்கப்படுகிறார்கள். அந்தக் கோபம் 2021 ஜூலையில் மருத்துவமனைகளில் வெளிநடப்பாக வெடித்தது. வீட்டை அடகு வைத்து வெளிநாட்டில் மருத்துவம் படிக்க அனுப்பும் முன்பு, அந்தக் குறிப்பிட்ட பல்கலைக்கழகத்தின் பட்டம் மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கட்டக் கூடாது.

துணைச் சுகாதாரத் தொழில்கள்

இரத்தப் பரிசோதனைக்கூடம், எக்ஸ்ரே, பிசியோதெரபி, உணவியல் முதலியவை 2020க்குப் பிறகு துணைச் சுகாதாரத் தொழில்கள் மன்றத்தின்கீழ் வந்துவிட்டன. முன்பு எந்தக் கல்லூரிச் சான்றிதழோடும் ஒரு தனியார் மையத்தில் வேலைக்கு நிற்க முடிந்தது. இப்போது மன்றம் ஏற்கும் தகுதி, பதிவு, தொழில் புரியும் சான்றிதழ் மூன்றும் வேண்டும். இரவு முறை வேலையைத் தாங்காத உடல்நிலை உள்ள பிள்ளைக்கு இவற்றில் சில தாதியர் வேலையைவிட ஏற்றவை. நோயாளியைத் தூக்கிப் புரட்டும் பாரமும் பரிசோதனைக்கூடத்தில் இல்லை. சட்டம் புதியதாகையால், தான் சேரப்போகும் படிப்பை மன்றம் ஏற்கிறதா என்ற சோதனை இங்கே இன்னும் முக்கியம்.

மருந்தியல் டிப்ளோமாவில் மட்டும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. அதை முடித்தால் மருந்தகம் திறக்கலாம் என்று நம்பும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். முடியாது. 1951ஆம் ஆண்டு மருந்தாளர் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற டிகிரியும் அதன்பின் பயிற்சிக் காலமும் வேண்டும். டிப்ளோமா முடித்தவர் உதவி மருந்தாளராக, மருந்தாளரின்கீழ் வேலை செய்கிறார். அது கௌரவமான வேலைதான். அதை அதுவாகவே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஐந்து கிரெடிட் எட்டாத பிள்ளைகளுக்கு முதியோர் பராமரிப்பில் எஸ்கேஎம் திறன் சான்றிதழ்கள் இருக்கின்றன. முதியோர் இல்லங்கள் பெருகுகின்றன. தனியார் முதியோர் மருத்துவப் பராமரிப்பு நிலையங்களுக்கென 2018இல் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. வேலை கிடைக்கும். ஆனால் அந்த ஏணி தாதியர் பதிவேட்டுக்கு ஏறுவதில்லை. இடைக்கால வருமானமாக வைத்துக்கொண்டு விடுபட்ட பாடத்தை மீண்டும் எழுதுகிற பிள்ளைக்கு மட்டுமே இதைத் தயக்கமின்றிச் சொல்ல முடிகிறது.

முடிவெடுக்கும் வரிசை

ஒரே வழியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. எஸ்பிஏவில் தாதி, எம்ஏ இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். எஸ்பிஎம் தகுதியோடு பொதுப் பல்கலைக்கழக டிப்ளோமாக்களுக்கு சேர்க்கை மையமான யூபியூவில் தனியே விண்ணப்பிக்கலாம். இதற்கிடையில் ஆறாம் படிவத்தில் இடம் வந்தால் சேர்ந்துவிட வேண்டும். வீட்டில் சும்மா இருந்து கடிதத்துக்குக் காத்திருப்பது பிள்ளையின் படிப்புப் பழக்கத்தையே அழித்துவிடுகிறது. நேர்முகத் தேர்வு மலாயில் நடக்கும். ஏன் இந்த வேலை, இரவு முறை பற்றி என்ன நினைக்கிறாய், சபாவுக்கு அனுப்பினால் போவாயா என்ற கேள்விகளுக்கு வீட்டில் தமிழில் யோசித்து மலாயில் பதில் சொல்லிப் பழக வேண்டும். நம் பிள்ளைகள் மதிப்பெண்ணில் நின்றுவிட்டு இந்த அறையில்தான் தடுமாறுகிறார்கள்.

ஆறாம் படிவத்தில் சேர்ந்து சில மாதங்கள் ஆன பிறகு எஸ்பிஏ கடிதம் வந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. முதல் பருவத் தேர்வு எழுதியிருந்தால் அந்த மதிப்பெண்ணையே பாருங்கள். அறிவியல் பாடங்களில் பிள்ளை திணறுகிறது என்று அது காட்டினால், கடிதத்தை எடுத்துக்கொண்டு பயிற்சிக் கழகத்துக்குப் போகட்டும்; டிகிரியை வேலையில் சேர்ந்த பிறகு தொடரலாம். மதிப்பெண் நன்றாக இருந்து, வீட்டுச் செலவும் இரண்டு மூன்று ஆண்டு தாங்கும் என்றால், கடிதத்தை விட்டுவிட்டு இரண்டாம் பருவத்துக்குப் படிப்பதே சரி. மதிப்பெண் நன்றாக இருந்தும் வீட்டில் வருமானம் தாங்காது என்றால், தயங்காமல் டிப்ளோமா. அப்படிப் போகும் பிள்ளை படிவம் ஆறில் படித்த உயிரியலையும் ஆங்கிலத்தையும் விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாரியத் தேர்வுக்கும் பின்னால் வரும் டிகிரிக்கும் அவை இரண்டும்தான் முதலில் கேட்கப்படும்.